நாய், பூனைக்குப் பல் சிகிச்சை: முதல்முறை அழைத்துப் போகிறவர்களுக்கு

நாயின் வாய் நாறுகிறது, அல்லது பூனையின் ஈறு ஓரம் சிவந்து கிடக்கிறது என்று மருத்துவரிடம் காட்டுகிறீர்கள். அவர் வாயைத் திறந்து பார்த்துவிட்டு, “மயக்கம் கொடுத்துச் சுத்தம் செய்யணும், ஒன்றிரண்டு பல்லை எடுக்க வேண்டியிருக்கலாம்” என்கிறார். வீட்டுக்கு வந்ததும் பயம் பிடித்துக்கொள்கிறது. பல்லுக்குப் போய் மயக்க மருந்தா? நன்றாகத்தானே சாப்பிடுகிறது? பல்லை எடுத்துவிட்டால் எப்படிச் சாப்பிடும்?

முதல்முறை இதைச் சந்திக்கும் எல்லோருக்கும் வருகிற கேள்விகள் இவை. ஒவ்வொன்றுக்கும் தெளிவான பதில் உண்டு. அவற்றோடு, வீட்டில் பார்க்க வேண்டியது, மருத்துவரிடம் கேட்க வேண்டியது, அறுவை சிகிச்சை நாளில் உள்ளே நடப்பது, திரும்பி வந்தபின் செய்ய வேண்டியது என்று வரிசையாகப் பார்க்கலாம்.

சாப்பிடுகிறது என்பதால் வலி இல்லை என்று நினைக்காதீர்கள்

நாயும் பூனையும் பல்வலிக்காகச் சாப்பாட்டை நிறுத்துவது மிகவும் கடைசிக் கட்டத்தில்தான். பசி வலியை மீறிவிடும். அதுவரை ஒரே பக்கமாக மெல்லும், மெல்லாமல் அப்படியே விழுங்கும், வாயிலிருந்து உணவைக் கீழே தவறவிட்டு மறுபடி எடுக்கும். பூனை ஆவலாகக் கிண்ணத்துக்கு ஓடி வரும், ஒரு வாய் வைத்ததும் சீறிக்கொண்டு பின்வாங்கும். உடம்பை நக்கிச் சுத்தம் செய்வது குறைந்து ரோமம் திரிதிரியாகும். எச்சில் வடியும், சிலசமயம் ரத்தம் கலந்து வரும். நாய் கடித்து விளையாடும் பொம்மையைத் தொடாமல் விட்டுவிடும், தலையைத் தடவ வந்தால் விலகிப் போகும்.

இதையெல்லாம் வயதாகிவிட்டது என்று எடுத்துக்கொள்கிறவர்கள் ஏராளம். அழுகிய பற்களை எடுத்த சில வாரங்களில் அந்தக் “கிழட்டு” நாய் மறுபடி பந்தைத் தூக்கிக்கொண்டு வருவதைப் பார்க்கும்போதுதான், அத்தனை மாதமும் அது வலியோடு இருந்திருக்கிறது என்று புரியும். வாய் நாற்றம் இயல்பானது என்ற நினைப்பையும் விட்டுவிடுங்கள். ஆரோக்கியமான வாய் சாப்பாட்டு வாடை அடிக்கலாம், அழுகல் வாடை அடிக்காது.

வாய்க்குள் என்ன நடக்கிறது

வளர்ந்த நாய்க்கு 42 பற்கள், பூனைக்கு 30. பால் பற்கள் நாய்க்குட்டிக்கு 28, பூனைக்குட்டிக்கு 26. ஆறு ஏழு மாத வயதுக்குள் நிலையான பற்கள் எல்லாம் முளைத்துவிட வேண்டும். அந்த வயதில் ஒருமுறை நிதானமாக எண்ணிப் பாருங்கள். சிறிய இன நாய்களில் பால் கோரைப்பல் விழாமல், புதுக் கோரைப்பல்லோடு ஒட்டி நிற்பது சகஜம். இரண்டுக்கும் நடுவில் அழுக்கு சேரும், புதுப் பல் இடம் மாறி வளரும். அதனால் பால் பல்லைச் சீக்கிரம் எடுத்துவிட வேண்டும். ஒரு பல் முளைக்கவே இல்லை என்றால் அது ஈறுக்குள் புதைந்திருக்கலாம். புதைந்த பல்லைச் சுற்றி நீர்க்கட்டி உருவாகித் தாடை எலும்பை மெல்ல அரித்துவிடும். எக்ஸ்ரே எடுத்தால்தான் தெரியும்.

மற்றபடி பெரும்பாலான தொல்லைகள் ஈறில்தான் தொடங்குகின்றன. சுத்தமான பல்லின் மேல் சில மணி நேரத்திலேயே பாக்டீரியாப் படலம் படிய ஆரம்பிக்கும். அதைத் துடைக்காமல் விட்டால், எச்சிலில் இருக்கும் தாது உப்புகள் சேர்ந்து இரண்டு மூன்று நாட்களில் இறுகத் தொடங்கிக் காரையாகிறது. பழுப்பாகத் தெரியும் காரை கண்ணை உறுத்தும், ஆனால் பெரிய சேதத்தைச் செய்வது ஈறுக்கு அடியில் இறங்கும் பாக்டீரியா. உடம்பு அதோடு சண்டை போடும்போது பல்லைத் தாங்கும் தசைநாரும் எலும்பும் சேர்ந்து கரைகின்றன.

மருத்துவர்கள் இதை நான்கு நிலைகளாகப் பிரிக்கிறார்கள். முதல் நிலையில் ஈறு வீக்கம் மட்டுமே இருக்கும், சுத்தம் செய்தால் முழுதாகச் சரியாகும். இரண்டாம் நிலையில் பல்லின் பிடிமானத்தில் கால் பங்குக்குக் குறைவாகப் போயிருக்கும், மூன்றாவதில் கால் முதல் அரைப் பங்கு, நான்காவதில் பாதிக்கு மேல். இரண்டாம் நிலையிலிருந்து இழந்தது பெரும்பாலும் திரும்ப வராது. மேலும் கெடாமல் நிறுத்தத்தான் முடியும். அதனால்தான் “இன்னும் கொஞ்சம் நாள் போகட்டும்” என்று தள்ளிப்போடுவது பல்லை இழப்பதில் முடிகிறது.

வீட்டில் பார்க்கும் முறை

வாயைப் பலமாகத் திறக்க வேண்டியதில்லை. பக்கவாட்டில் உட்கார்ந்து, வாய் மூடியபடியே இருக்க, மேல் உதட்டை மட்டும் விரலால் தூக்குங்கள். பின்பக்கம் இருக்கும் பெரிய பற்களைக் கட்டாயம் பாருங்கள், காரை அங்கேதான் அதிகம் சேரும். ஈறு ஓரத்தில் சிவப்புக் கோடு, ஈறு இறங்கி வேர் தெரிவது, உடைந்த முனை, ஆடும் பல், கட்டி, கண்ணுக்குக் கீழே வீக்கம் ஆகியவற்றைத் தேடுங்கள். கண்ணுக்குக் கீழே திடீரென வீங்கினால் நாயில் பலசமயம் மேல் கடைவாய்ப் பெரும்பல்லின் வேரில் சீழ் கட்டியிருக்கும். வாயில் எந்தக் கட்டியைப் பார்த்தாலும் காத்திருக்காதீர்கள், வாய்ப் புற்றுநோய் வேகமாக வளரக்கூடியது. வலியில் இருக்கும் பிராணி கடிக்கும். முரண்டு பிடித்தால் அத்தோடு விட்டுவிடுங்கள், முரண்டு பிடிப்பதும் ஒரு தகவல்தான், அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மயக்கம் கொடுக்காமல் செய்ய முடியாதா?

முடியாது. இதில் நான் வளைந்து கொடுக்க மாட்டேன். “மயக்க மருந்து இல்லாமல் பல் சுத்தம்” என்று சொல்லிப் பிராணியை அமுக்கிப் பிடித்துக்கொண்டு வெளிக் காரையைச் சுரண்டுகிற வழக்கம் இருக்கிறது. பல் வெள்ளையாகத் தெரியும், நமக்கும் நிம்மதியாக இருக்கும். ஈறுக்கு அடியில் நோய் அப்படியே வளரும். சுரண்டிய பரப்பு சொரசொரப்பாகி அழுக்கு இன்னும் வேகமாகப் படியும். விழித்திருக்கும் நாய்க்கு எக்ஸ்ரே எடுக்க முடியாது, ஈறின் ஆழத்தை அளக்க முடியாது. உலகச் சிறுபிராணி கால்நடை மருத்துவர் சங்கமும் அமெரிக்க விலங்கு மருத்துவமனைகள் சங்கமும் தங்கள் பல் மருத்துவ வழிகாட்டு நெறிகளில் இந்த முறையை எதிர்க்கின்றன.

இன்னொரு காரணமும் உண்டு. காரையை உடைக்கும் கருவி தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே வேலை செய்யும். பாக்டீரியா கலந்த அந்தத் தண்ணீர் நுரையீரலுக்குள் போகக் கூடாது. முழு மயக்கத்தில் மூச்சுக்குழாய்க்குள் குழாய் பொருத்தி, அதன் முனையில் உள்ள சிறு பலூனை ஊதி வைத்தால்தான் அந்தத் தண்ணீர் உள்ளே போகும் வழி அடைபடும்.

மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்கும்போது

எல்லாக் கால்நடை மருத்துவமனையிலும் பல் எக்ஸ்ரே வசதி இருக்காது. கூச்சப்படாமல் கேளுங்கள். நல்ல மருத்துவர் இந்தக் கேள்விகளை வரவேற்பார்.

1. எல்லாப் பற்களுக்கும் எக்ஸ்ரே எடுப்பீர்களா?
2. மூச்சுக்குழாயில் குழாய் பொருத்துவீர்களா? மயக்கத்தை மட்டும் கவனிக்கத் தனியாக ஒருவர் இருப்பாரா?
3. பல் எடுப்பதாக இருந்தால் அந்த இடத்தை மரத்துப்போகச் செய்யும் ஊசி போடுவீர்களா?
4. பூனை என்றால், வாயைத் திறந்து வைக்க ஸ்பிரிங் கருவி பயன்படுத்துவீர்களா?
5. நடுவில் கூடுதலாக ஏதாவது தெரிந்தால் என்னைப் போனில் கூப்பிட்டுக் கேட்பீர்களா?
6. குறைந்தபட்சம் எவ்வளவு, அதிகபட்சம் எவ்வளவு செலவாகலாம்?

நான்காவது கேள்வி விசித்திரமாகத் தோன்றலாம். பூனையின் வாயை ஸ்பிரிங் வைத்து அகலமாகத் திறந்தே வைத்திருந்தால் மூளைக்கும் கண்ணுக்கும் ரத்தம் கொண்டுபோகும் தமனி நசுங்கும். விழித்தெழும் பூனை பார்வை இழந்திருந்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. “பயன்படுத்த மாட்டோம்” என்ற பதில்தான் நீங்கள் கேட்க வேண்டியது.

எக்ஸ்ரேயை இவ்வளவு வலியுறுத்துவதற்கும் காரணம் இருக்கிறது. 1998-ல் வெளியான ஆய்வுகளில், வெளிப்பார்வைக்கு ஒரு குறையும் தெரியாத பற்களை எக்ஸ்ரேயில் பார்த்தபோது, ஏறக்குறைய 28 சதவீத நாய்களிலும் 42 சதவீதப் பூனைகளிலும் சிகிச்சை தேவைப்படும் கோளாறு கண்டுபிடிக்கப்பட்டது. வேரும் எலும்பும் ஈறுக்குள் மறைந்திருக்கின்றன. கண்ணால் மட்டும் பார்த்துச் செய்கிற பல் வைத்தியம் பாதி வைத்தியம்தான்.

செலவை முன்கூட்டியே துல்லியமாகச் சொல்ல முடியாததற்கும் இதுவே காரணம். மருத்துவர் ஒரு தோராயமான வரம்பு சொல்வார், எக்ஸ்ரேக்குப் பிறகு அது மாறலாம். அதிகபட்சத் தொகையை மனதில் வைத்துத் தயாராகுங்கள். அன்று நீங்கள் போனை எடுக்காவிட்டால் என்ன செய்யலாம் என்பதையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

மயக்கத்துக்கு முன்

வயது ஒரு நோய் கிடையாது. பன்னிரண்டு வயது நாய்க்கும் பாதுகாப்பாக மயக்கம் கொடுக்க முடியும். முக்கியமானது சிறுநீரகம், கல்லீரல், இதயம் எப்படி இருக்கின்றன என்பதுதான். ரத்தப் பரிசோதனை செய்வார்கள். இதயத்தில் முணுமுணுப்புச் சத்தம் கேட்டால் எக்கோ (இதய ஸ்கேன்) எடுக்கச் சொல்வார்கள், குறிப்பாகப் பூனைகளுக்கு இதயத் தசை தடிமனாகும் நோய் வெளியே தெரியாமல் இருக்கலாம். பக் போன்ற தட்டை மூக்கு நாய்களும் பாரசீகப் பூனைகளும் மயக்கம் தெளியும்போது மூச்சுவிடச் சிரமப்படலாம், அவற்றுக்குக் கூடுதல் கவனிப்பு தேவை.

முந்தைய இரவு உணவுக்குப் பிறகு சாப்பாடு வேண்டாம், காலை வரை தண்ணீர் குடிக்கலாம் என்பதே ஆரோக்கியமான, வளர்ந்த பிராணிகளுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் முறை. குட்டிகள், மிகச் சிறிய உடம்புள்ளவை, சர்க்கரை நோய் உள்ளவை நீண்ட நேரம் பட்டினி கிடக்கக் கூடாது. எத்தனை மணி நேரம், இன்சுலின் எவ்வளவு, தினமும் கொடுக்கும் மாத்திரையை அன்று கொடுக்கலாமா, மூன்றையும் மருத்துவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வேறு மருந்து, மூலிகை, மூட்டுவலி மாத்திரை எது கொடுத்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள்.

அன்று உள்ளே நடப்பது

காலையில் உடல் பரிசோதனை, பதற்றத்தைத் தணிக்கவும் வலியைக் குறைக்கவும் ஊசி, காலில் ஐவி (ரத்தநாளத்தில் மருந்து ஏற்றும் குழாய்). அப்புறம் மயக்கம், மூச்சுக்குழாய்க் குழாய். உடம்பு குளிர்ந்துபோகாமல் கதகதப்பாக வைப்பார்கள். இதயத் துடிப்பு, ரத்த அழுத்தம், ஆக்ஸிஜன், வெளிவிடும் கரியமில வாயு, வெப்பநிலை எல்லாம் திரையில் ஓடிக்கொண்டிருக்கும்.

ஒவ்வொரு பல்லையும் சுற்றி மெல்லிய அளவுகோலை ஈறுக்கடியில் விட்டு ஆழம் பார்ப்பார்கள். நாய்க்கு 3 மில்லிமீட்டர் வரை இயல்பு, பூனைக்கு 1 மில்லிமீட்டரைத் தாண்டினாலே சந்தேகம்தான். எக்ஸ்ரே எடுத்து, எந்தப் பல் இருக்கலாம், எது போக வேண்டும் என்று முடிவு செய்வார்கள். காரையை ஈறுக்கு மேலும் கீழும் நீக்குவார்கள். கடைசியில் பாலிஷ். பாலிஷை அலங்காரம் என்று நினைக்க வேண்டாம், கருவி உண்டாக்கிய நுண்ணிய கீறல்களை அது வழவழப்பாக்காவிட்டால் அழுக்கு அங்கேயே ஒட்டும்.

பல் எடுப்பது தனி அறுவை சிகிச்சை. கோரைப்பல்லில் வெளியே தெரிவதைவிட உள்ளே இருக்கும் வேர் நீளம். மேல் கடைவாய்ப் பெரும்பல்லுக்கு மூன்று வேர்கள், அதை மூன்று துண்டாக அறுத்துத் தனித்தனியாகத்தான் எடுக்க வேண்டும். ஈறை மடல் போலத் தூக்கி, எலும்பைச் சிறிது குறைத்து, வேரை முழுதாக எடுத்து, கூர்மையான எலும்பு விளிம்பைத் தேய்த்து, தானே கரையும் நூலால் தைப்பார்கள். முடிந்ததும் வேர்த்துண்டு எதுவும் தங்கவில்லை என்று உறுதி செய்ய இன்னொரு எக்ஸ்ரே எடுக்க வேண்டும். சிறிய நாயின் கீழ்க் கோரைப்பல் வேர் தாடையின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டிருக்கும், அவசரப்பட்டு இழுத்தால் தாடையே முறியும். மேல் கோரைப்பல்லில் எலும்பு கரைந்திருந்தால் வாய்க்கும் மூக்குக்கும் நடுவே ஓட்டை விழலாம், தும்மல், மூக்கொழுகல் என்று தொல்லை தொடரும். கைப்பழக்கம் உள்ளவரிடம் போங்கள் என்று சொல்வது இதற்காகத்தான். எடுக்க வேண்டிய பற்கள் நிறைய இருந்தால் ஒரே நாளில் முடிக்காமல் இரண்டு தடவையாகப் பிரிப்பதும் நல்ல முடிவே.

பல் உடைந்து நடுவில் சிவப்பாகவோ கறுப்பாகவோ புள்ளி தெரிந்தால் பல் கூழ் (பல்லுக்குள் நரம்பும் ரத்தநாளமும் இருக்கும் பகுதி) வெளிப்பட்டிருக்கிறது. இரண்டே வழி: ரூட் கெனால் செய்து பல்லைக் காப்பாற்றலாம், அல்லது எடுத்துவிடலாம். “வலிக்கிற மாதிரி தெரியவில்லை, விட்டுவிடலாம்” என்பது மூன்றாவது வழி ஆகாது. ரூட் கெனால் செய்யப் பல் சிறப்பு மருத்துவர் தேவைப்படுவார். பெரிய நாயின் கோரைப்பல், கடைவாய்ப் பெரும்பல் போன்ற முக்கியமான பற்களுக்கு அது பயனுள்ளது.

பூனைகளில் குறிப்பாகக் காணப்படும் இரண்டு நோய்கள்

ஒன்று, பல் தானே கரைவது. பூனைகளில் மிகச் சாதாரணமாக வரும், காரணம் இன்னும் உறுதியாகக் கண்டறியப்படவில்லை. ஈறு ஓரத்தில் சின்னச் சிவப்புப் புள்ளி மாதிரி தெரியும், தொட்டால் மயக்கத்திலும் தாடை துடிக்கும். அடைத்துச் சரிசெய்ய முடியாது. வேர் எலும்போடு எலும்பாகக் கலந்துவிட்டிருந்தால் மேல்பகுதியை மட்டும் வெட்டி ஈறை மூடலாம். வேர் இன்னும் தனியாக இருந்தால் முழுதாக எடுக்க வேண்டும். எது எந்த வகை என்பது எக்ஸ்ரேயில்தான் தெரியும்.

இன்னொன்று, வாய் முழுக்கப் புண்ணாகி, தொண்டை வாசல் வரை கொழகொழவென்று சிவக்கும் நாட்பட்ட அழற்சி. பூனை கொட்டாவி விடக்கூட அலறும். மாத்திரைகள் தற்காலிகமாகத் தணிக்கும். பெரும்பாலும் பின்பற்கள் அனைத்தையும், சிலசமயம் மொத்தப் பற்களையும் எடுப்பதுதான் சிறந்த பலன் தருகிறது. கேட்கும்போது நெஞ்சு பதறும், ஆனால் பெரும்பான்மையான பூனைகள் நன்றாகத் தேறுகின்றன. சிலவற்றுக்கு அப்புறமும் மருந்து தொடர வேண்டியிருக்கும்.

பல்லில்லாத பூனை எப்படிச் சாப்பிடும் என்று கேட்டீர்களே. நாக்கால் நக்கி எடுத்து விழுங்கும். ஈர உணவு சுலபம், பல பூனைகள் உலர் உணவைக்கூட அப்படியே விழுங்கிவிடும். வலிக்கும் பல்லோடு சாப்பிடுவதைவிடப் பல்லே இல்லாமல் சாப்பிடுவது அவற்றுக்கு எளிது.

வீட்டுக்கு வந்தபின்

முதல் இரவு தள்ளாடும், முனகும், தூங்கும். தரையிலேயே படுக்கை போடுங்கள், மாடிப்படி ஏறவிட வேண்டாம். எச்சிலில் லேசாக இளஞ்சிவப்பு நிறம் ஓரிரு நாள் இருக்கலாம். சொட்டுச் சொட்டாக ரத்தம் வடிந்துகொண்டே இருந்தால், முகம் வீங்கினால், தையல் பிரிந்தால், மூச்சுவிடச் சிரமப்பட்டால் உடனே கூப்பிடுங்கள். பூனை 24 மணி நேரம் சாப்பிடாவிட்டாலும் கூப்பிடுங்கள். பூனை நாள்கணக்கில் பட்டினி கிடந்தால் கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகும்.

பல் எடுத்திருந்தால் பத்து முதல் பதினான்கு நாள் மெத்தென்ற உணவு, கடிக்கும் பொம்மை வேண்டாம், இழுபறி விளையாட்டு வேண்டாம். வலி மாத்திரையை நன்றாக இருக்கிறதே என்று பாதியில் நிறுத்தாதீர்கள். உங்கள் மருந்துப் பெட்டியிலிருந்து எதையும் கொடுக்காதீர்கள்: பாராசிட்டமால் பூனையைக் கொல்லும், ஐபுபுரூஃபன் நாய்க்கும் பூனைக்கும் நஞ்சு. ஆன்டிபயாட்டிக் தரவில்லையே என்று கவலைப்படவும் வேண்டாம், எல்லாருக்கும் அது தேவைப்படாது. இரண்டு வாரத்தில் தையலைக் காட்ட மறுபடி போக வேண்டும்.

பல் துலக்கப் பழக்குவது

ஈறு ஆறியதும் ஆரம்பியுங்கள். அவசரம் வேண்டாம், சில வாரங்கள் ஆகட்டும். முதலில் பிராணிகளுக்கான பற்பசையை விரலில் வைத்து நக்க விடுங்கள். பிடித்துப்போனதும் விரலால் உதட்டுக்குள் தடவுங்கள். அடுத்து மென்மையான பிரஷ், முதலில் ஒரு கோரைப்பல் மட்டும். பிறகு மெல்ல மெல்லப் பின்பற்கள் வரை. பிரஷ்ஷை ஈறு ஓரத்தில் சாய்த்துப் பிடித்துச் சின்னச் சின்ன வட்டமாகத் தேய்க்க வேண்டும். கன்னத்தை ஒட்டிய வெளிப்பக்கம் போதும், உள்பக்கத்தை நாக்கு ஓரளவு பார்த்துக்கொள்ளும். முடிந்ததும் பிடித்த ஒன்றைக் கொடுங்கள், ஒவ்வொரு தடவையும். மனிதர் பற்பசை கூடாது. அதில் இருக்கும் ஃபுளோரைடை விழுங்கக் கூடாது, சிலவற்றில் சேர்க்கப்படும் சைலிட்டால் என்ற இனிப்பு நாய்க்குக் கொடிய நஞ்சு.

தினமும் துலக்குவது சிறந்தது. வாரம் ஒருமுறை துலக்கினால் பலன் இல்லை, அதற்குள் அழுக்கு காரையாகியிருக்கும். துலக்கவே விடாத பிராணிக்கு மெல்லும் பொருட்களோ பல் காக்கும் உணவோ ஓரளவு உதவும். வாங்கும்போது கால்நடை வாய்நலக் கவுன்சிலின் (VOHC) முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள், பரிசோதனை முடிவுகளைப் பார்த்துத்தான் அது தரப்படுகிறது. மான்கொம்பு, குளம்பு, எலும்பு, பனிக்கட்டி போன்றவற்றைக் கடிக்கக் கொடுக்காதீர்கள். கட்டைவிரல் நகத்தால் அழுத்தினால் தடம் பதியாத எதுவும் பல்லை உடைக்கும்.

வருடம் ஒருமுறை வாயைக் காட்டுங்கள். ஏற்கெனவே ஈறு நோய் வந்திருந்தால், சிறிய இனம் என்றால், வாய்ப்புண் இருந்த பூனை என்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. அடுத்த சுத்தம் எப்போது என்பதை அன்றைய ஈறின் நிலையைப் பார்த்து மருத்துவர் சொல்வார். இந்தத் தடவை எடுத்த எக்ஸ்ரேயின் நகலை இப்போதே கேட்டு வாங்கி வைத்துக்கொண்டால், அடுத்த தடவை ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.